பூனைக்குப் பொருத்தமான வீடு

குழந்தைவேலுவின் வீட்டுக்கு எலிகள் வந்தது எவருடைய உத்தரவின் பேரிலும் அல்ல. அந்தக் குடியேற்றத்தில் உத்தரவில்லாமல் வந்தவை அவை மட்டும்தான். மற்ற எல்லாம் ஒதுக்கப்பட்டே வந்தன. அந்தமானில் திக்லிபூருக்கு அப்பால் காடு வெட்டிய நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் வீடு கட்ட மரமும் தகரமும் ஒதுக்கப்பட்டன. ஓர் எருமை ஒதுக்கப்பட்டது. கப்பலில் வரும்போதே மனம் வெறுத்துப்போன அது, இறங்கிய நாள் முதல் மெயின்லேண்ட் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொசுவலையும் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு வந்து சேர்ந்தது. வலை இன்னும் வரவில்லை.

நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வரும் மழையில் வயலில் நாற்று நின்றால் பட்டா கிடைக்கும். நிற்காவிட்டால் அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு குடும்பத்தை அடுத்த கப்பலில் ஏற்றிவிடும். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் குழந்தைவேலு உழுத குத்தகை நிலம் இதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. ஆக, திரும்பிப் போக ஊர் இருந்தது. ஊரில் நிற்க இடம் இல்லை.

நாற்றாக வேண்டிய நெல் வீட்டுக்குள் இரண்டு விதைக்கோட்டைகளாக இருந்தது. வைக்கோல் பிரி சுற்றி, சாணி மெழுகி, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் கீழே குழந்தைவேலுவின் மனைவி சந்திரமதி தகர டப்பாவும் கரண்டியுமாக உட்கார்ந்து காவல் காத்தாள். டப்பாவைத் தட்டிக்கொண்டே எலிகளை ஏசுவாள். எலி கண்ணில் படாத வேளையில் அதே வேகத்தில் புருஷனை ஏசுவாள். பக்கத்து நிலத்து வங்காளிக் குடும்பம் அவளைக் கேட்டுத்தான் தமிழ் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட தமிழை அவர்களால் நாலு பேர் முன்னால் பேச முடியவில்லை.

"எத்தன நாளைக்குய்யா நான் டப்பா தட்டுறது? கூத்துக்கு மோளம் அடிக்கவா என்னைக் கப்பலேத்திக் கூட்டியாந்த? போயி ஒரு பூனையக் கொண்டா. அதுவரைக்கும் சோறுன்னு வந்து நிக்காத" என்றாள் ஒரு நாள் காலையில்.

புதிதாக வெட்டிய காட்டில் பூனை ஏது? பூனை வேண்டுமானால் போர்ட் பிளேருக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்தும் ஒன்றைச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்துவிட முடியாது. முன்பு ஏதோ ஒரு குடியேற்றத்தில் ஒரு பூனை வீட்டை விட்டு ஓடிப்போனது. அதை விசாரித்த குழு, பூனையின் குணமும் வீட்டின் குணமும் ஒத்துப்போகாததே காரணம் என்று கண்டுபிடித்தது. அன்றிலிருந்து போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியை ஒட்டிய ஒரு கிடங்கில் 'பூனைக் குணப்பொருத்த அலுவலகம்' நடந்து வந்தது. அதன் அனுமதி இல்லாத பூனை கப்பலில் ஏற முடியாது. அனுமதி இல்லாத எலி ஏறலாம். அதைத் தடுக்க அலுவலகம் இல்லை.

குழந்தைவேலு கிடங்கைத் தேடிக்கொண்டு போனபோது, வாசலில் பியூன் அந்தோணிமுத்து பூனைகளுக்காகக் கருவாடு நறுக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். தீவுக்கு வந்து இந்தியும் பேசிப் பேசி, எந்தப் பேச்சு எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது.

"பில்லி எடுக்க வந்தியளா அண்ணாச்சி?"

"பூனைக்கு வந்தேங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள போங்க. சாப் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க, எலிப் பேச்சை எடுக்கப்படாது."

"எலிக்குத்தானேங்க பூனையே?"

"அதைத்தான் எடுக்கப்படாதுங்கேன்."

உள்ளே குணப்பொருத்த அதிகாரி சொக்கலிங்கம் மூக்கின் மேல் கைக்குட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை தும்மிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"பயப்படாதீர்கள், சளி இல்லை. எனக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது. ரோமம் பட்டாலே தும்மல். வாழ்நாளில் ஒரு பூனையையும் நான் வளர்த்தது கிடையாது. பாரபட்சம் இருக்காது என்று அதனால்தான் மேலிடம் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. பூனை வளர்த்தவனைப் போட்டால் அவன் தன் அனுபவத்தை நுழைத்துவிடுவான். அனுபவம் நுழைந்த அலுவலகம் உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை. சரி, சொல்லுங்கள். உங்களுடையது உள்முக வீடா, வெளிமுக வீடா?"

"கெழக்கு முகங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

"மாலை வேளையில் வீட்டில் என்ன நிலவும்?"

"கொசுங்க."

"நான் மனநிலையைக் கேட்கிறேன். மகிழ்ச்சியா, சோர்வா, ஆழ்ந்த சிந்தனையா?"

குழந்தைவேலு உண்மையாகவே யோசித்தார். "எருமைக்குச் சிந்தனைங்க. எங்களுக்கு அசதி."

"குரல் உயருமா?"

"யாரு கொரலுங்க?"

"உங்கள் குரல்."

"எனக்கு அதுக்கு எங்கங்க வாய்ப்பு?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஆக, ஒரு பக்கம் ஓசை; மறு பக்கம் அடக்கி வைத்த மௌனம். கலங்கிய வீடு. இதற்குச் சாந்த குணம் தவிர வேறெதுவும் பொருந்தாது."

அப்போது ஒற்றைக் காது கிழிந்த ஒரு கறுப்புப் பூனை கிடங்கின் மூலையிலிருந்து வந்து மேஜையைக் கடந்து போனது. அதன் வாயில் இரண்டு பக்கமும் தொங்குமளவுக்கு ஒரு கொழுத்த எலி.

குழந்தைவேலு எழுந்தே விட்டார். "சாப், இது! இதைக் குடுத்துருங்க சாப், வேற எதுவும் வாணாம்!"

"அதுவா? அது ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கிறது."

"என்னங்க பண்ணுச்சு?"

"வாயைப் பார்த்தீர்களே, இன்னும் என்ன செய்ய வேண்டும்? அலுவலக நேரத்தில், அதிகாரி எதிரில்! வன்முறைக் குணம். குடும்பத்தோடு வைக்கத் தகுதியில்லை என்று நானே எழுதிவிட்டேன்."

"எங்க வீட்டுல எலிங்க சாப், வெதநெல்லு..."

வாசலில் அந்தோணிமுத்து பலமாக இருமினார். நேரம் கடந்துவிட்டிருந்தது.

சொக்கலிங்கத்தின் முகத்தில் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது. "ஆக, நீங்கள் பூனையை வேலைக்குக் கேட்கிறீர்கள். ஒரு ஜீவனை வீட்டுக்கு அழைப்பது அதன் குணத்துக்காகவா, அதன் உழைப்புக்காகவா? மெயின்லேண்டில் உங்களை அப்படித்தானே நடத்தினார்கள்? அதையே இங்கே வந்து நீங்கள் ஒரு பூனைக்குச் செய்யலாமா? நாம் இந்தத் தீவில் ஒரு புதிய சமுதாயத்தைப் படைத்துக்கொண்டிருக்கிறோம். எலி வேறு பிரிவு. அவர்கள் மேட்டில் இருக்கிறார்கள். அங்கே போனால் பூனைப் பேச்சை எடுக்காதீர்கள். பூனை நாங்கள்."

குழந்தைவேலு மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று தெரியாததால் மனமார, இரண்டு முறை கேட்டார்.

அந்தோணிமுத்து சாந்த குணப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அது நடக்கும் வழக்கமில்லை. சாம்பல் நிறம், அகன்ற முகம், மடிப்பு மடிப்பாகக் கழுத்து. மனுவோடு நிற்பவனை மேலதிகாரி பார்ப்பதுபோல் குழந்தைவேலுவைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"உங்களைப் பிடித்துவிட்டது" என்றார் சொக்கலிங்கம். "ஆனால் இப்போதே கொடுக்க முடியாது. முதலில் பூனை வந்து வீட்டைப் பார்க்க வேண்டும்."

அடுத்த கப்பலில் பூனை கேபினில் வந்தது. அதிகாரி அதற்கு எதிர் கேபினில் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். குழந்தைவேலு டெக்கில், உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நனைந்துகொண்டு வந்தார். கரையில் இறங்கியதும் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேதி சொன்னார்.

"வீடு பாக்க வர்றாங்களா? பொண்ணு பாக்க வர்ற மாதிரியா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"ஏறக்கொறய அப்படித்தான்."

அது போதும். பார்க்க வருகிறவர்களுக்கு என்ன காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பது அவள் குடும்பத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருகிற வித்தை. வாசலில் கோலம் விழுந்தது. வங்காளி வீட்டுக் கிண்ணங்கள் வந்தன. கேசரி கிளறினாள், வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். பொந்துகளைப் பாயாலும் முறத்தாலும் மறைத்தாள். டப்பா எருமையின் காலடிக்குப் போனது. தன் குரல் தன்னை மீறிவிடக் கூடாதே என்று வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு, கட்டிவந்த கூறைப் புடவையோடு கதவோரம் நின்றாள்.

கூட வந்திருந்த அந்தோணிமுத்து பூனையை நடுக்கூடத்தில் இறக்கிவைத்தார். அதிகாரி இரண்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, தும்மல்களுக்கு இடையே கேட்டார்.

"கடைசிக் கேள்வி. இது மட்டும் வீட்டு அம்மாள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு ஜீவராசிகள் நடமாட்டம் உண்டா? எலி, பெருச்சாளி, அந்த மாதிரி?"

கேட்டேவிட்டார். குழந்தைவேலுவுக்குக் கண்ணில் நீர் வந்தது. இத்தனை கடல் தாண்டி அந்தக் கேள்வி அதுவாகவே வீடு தேடி வந்துவிட்டது.

சந்திரமதி வெற்றிலையை விழுங்கினாள். பார்க்க வந்த இடத்தில் வீட்டைக் குறைத்துச் சொல்ல அவள் என்ன விவரம் தெரியாதவளா? "எங்க வீட்டுலயா? சேச்சே! எறும்புகூட எட்டிப் பாக்காதுங்க. தொடச்சு வச்ச வீடு."

"இல்லீங்க சாப்..." என்று குழந்தைவேலு வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இருய்யா. வந்தவங்க முன்னால மானத்த வாங்காத."

"எலி இல்லை" என்று சொக்கலிங்கம் எழுதிக்கொண்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "மேலே என்ன தொங்குகிறது?"

"வெதக்கோட்டைங்க."

"இறக்கிவிடுங்கள். தலைக்கு மேல் எது தொங்கினாலும் சாந்த குணம் கலங்கும்."

"கீழ வச்சா..." என்ற குழந்தைவேலு மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"கீழே வைத்தால் என்ன? எலியே இல்லாத வீட்டில் என்ன பயம்?"

கோட்டைகள் இறங்கின. பூனை போய்வரச் சுவரின் அடியில் ஒரு பலகையைப் பெயர்த்து வழிவிடச் சொன்னார், பெயர்த்தார்கள். ஓசை வரும் எந்தப் பொருளையும் தட்டக் கூடாது என்றார். தூளியில் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல்தான் வீட்டில் பேச வேண்டும் என்றார். பழகும் காலம் முடியும் வரை கவனித்துக்கொள்ள அந்தோணிமுத்துவை அங்கேயே விட்டுவிட்டு, கேசரிக் கிண்ணத்தைக் காலி செய்து புறப்பட்டார்.

பூனை சுற்றிலும் பார்த்தது. வீட்டிலேயே மெத்தென்றிருந்த இடம் விதைக்கோட்டை. அதன்மேல் ஏறிப் படுத்தது.

பூனைக்கென்று திறந்த வழியை முதலில் பயன்படுத்தியவை எலிகள்தான். பூனை அதைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. முதலில் ஒன்று வந்து மோப்பம் பிடித்தது. மேலே படுத்திருப்பவர் யார் என்று பார்த்தது. பூனை ஒரு கண்ணைத் திறந்தது. வந்திருப்பதை மனதில் குறித்துக்கொண்டதுபோல் மூடியது. பிறகு எலிகள் குடும்பத்தோடு வந்தன. பூனை மேலே தூங்க, அவை கீழே வைக்கோலைப் பிரித்தன. இரு தரப்புக்கும் குணம் ஒத்துப்போயிற்று.

குழந்தைவேலு ஒரு கழியை எடுத்தார். அந்தோணிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதியும் அண்ணாச்சி. பில்லி மிரண்டா நான் எழுதணும்."

"எழுதிக்கய்யா. பொருந்தலைன்னு எழுதித் திருப்பிக் கொண்டு போ."

"அப்படி எழுதினா, பொருந்தாத குடும்பம்னு நிலத்து ஆபீசுக்கும் ஒரு காப்பி போவும். பட்டா கோவிந்தா. நான் என்ன செய்ய? எனக்கும் கருவாடு நறுக்குத வேலை வேணும்லா."

"அப்ப ஒரு பொறியாச்சும் வைக்கட்டுமா?" என்று கேட்டாள் சந்திரமதி, காதோடு.

"எலியே இல்லாத வீட்டுல எலிப்பொறி எதுக்குன்னு கேப்பாவ மதினி. நீங்கதான சொன்னிய?"

சண்டை நிற்கவில்லை, ஒலி மட்டும் குறைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் நெற்றி முட்டும் நெருக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுத்து ஏசிக்கொண்டார்கள். "நீ கட்டையில போக" என்பது அந்தக் குரலில் கொஞ்சுவதுபோல் கேட்டது. எட்ட இருந்து பார்த்த வங்காளிக்காரர் தன் மனைவியிடம் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

ஒரு தடவை சந்திரமதி பூனையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ராசா, ஒண்ணே ஒண்ணப் புடி. பேருக்கு ஒண்ணு. நான் உனக்கு மீனு வறுத்துத் தரேன்." வறுத்தும் வைத்தாள். பூனை மீனைத் தின்றது. எலிகள் முள்ளைத் தின்றன.

மழை வந்தது. அந்தமான் மழை, தகரக் கூரையில் யாரோ கடலைக் கவிழ்த்ததுபோல் கொட்டியது. நாற்றங்காலில் தண்ணீர் கட்டி, சேறடித்து, குழந்தைவேலு வீட்டுக்கு வந்து கோட்டையைப் பிரிக்க உட்கார்ந்தார். அந்தோணிமுத்து பூனையைப் பயபக்தியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டார். சாணி மெழுகிய மேல்கூடு கோட்டை உருவத்திலேயே அப்படியே நின்றது. குழந்தைவேலு விரலால் தொட்டார். உள்ளே போயிற்று. உமி இருந்தது, எலிப் புழுக்கை இருந்தது. இரண்டாவது கோட்டையிலும் அப்படியே. உமியைக் கை நிறைய அள்ளி, ஊதி, ஊதி, ஊதிப் பார்த்தார். உள்ளங்கையில் எதுவும் மிஞ்சவில்லை.

சந்திரமதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கும் அதே விதிதான் என்று அந்தோணிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மழை விட்டதும் நில அதிகாரி வந்தார். கூடவே சொக்கலிங்கமும் வந்தார். நில அதிகாரி வரப்பில் நின்று வயலைப் பார்த்தார். வயலில் தண்ணீரும் வானமும் இருந்தன.

"நாற்று இல்லை. இந்தக் குடும்பம் குடியேறவில்லை என்றுதான் எழுத வேண்டும். அடுத்த கப்பல் எப்போது?"

"சாப், வெத பூரா எலி தின்னுருச்சு சாப். கால்ல வுழுறேன், இன்னொரு தடவ வெதநெல்லு குடுங்க. போறதுக்கு எடமில்லீங்க" என்று குழந்தைவேலு சேற்றிலேயே விழுந்தார்.

நில அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "இந்த வீட்டில் எலி இல்லையே? உங்கள் மனைவியே சொல்லியிருக்கிறார்."

இதற்குள் சொக்கலிங்கம் வீட்டுக்குள் போய்த் தும்மிவிட்டு வெளியே வந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. "வந்து பாருங்கள் மிஸ்டர். என்ன அமைதி! ஊசி விழுந்தால் கேட்கும். நான் பார்த்துப் பார்த்துப் பொருத்திய பூனை. இங்கே யாரும் குடியேறவில்லை என்றா எழுதப் போகிறீர்கள்? ஒருவர் முழுமையாகக் குடியேறியிருக்கிறார். உள்ளே படுத்திருக்கிறார்."

நில அதிகாரி யோசித்தார். அவருக்கும் ஒரு தொல்லை இருந்தது. குடியேறிய குடும்பங்கள் ஒன்று குறைந்தாலும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "விதியில் குடியேறியவர் என்றுதான் இருக்கிறது. எத்தனை கால் என்று இல்லை."

"கப்பலில் வந்திருக்கிறார். ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை" என்றார் சொக்கலிங்கம். "இதைவிட நல்ல குடியேறியை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?"

அன்றைக்கே பட்டா எழுதப்பட்டது. நிலமும் வீடும் சாந்த குணப் பூனைக்கு. பட்டாதாரரின் மனம் கோணாமல் நடந்துகொள்ளும்வரை குழந்தைவேலுவும் சந்திரமதியும் அங்கேயே தங்கி உழைக்கலாம். கப்பல் ஏற வேண்டியதில்லை. எருமையும் பூனையின் பெயருக்கு மாறியது. எருமை மெயின்லேண்ட் திசையிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப வெதநெல்லு, சாப்?" என்றார் குழந்தைவேலு. "தண்ணி வடியறதுக்குள்ள குடுத்தாக்க இப்பவும் தெளிச்சிருவேன். தப்பிச்சிரும்."

"தாராளமாக. பட்டாதாரர் கேட்டால் நாளைக்கே ஜீப்பில் வரும்" என்றார் நில அதிகாரி. ஒரு மனுத்தாளையும் மைப்பெட்டியையும் கொடுத்தார். "இதில் முன்னங்கால் பதிவு வேண்டும். கட்டாயப்படுத்தி வைக்கக் கூடாது. விழித்திருக்கும்போது அவராகவே வைக்க வேண்டும்."

ஜீப் போய்விட்டது. அந்தோணிமுத்துவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதில் ஏறிப் போனார். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தைவேலு மழையில் நனையாமல் மனுத்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, மைப்பெட்டியும் கையுமாக வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார். சந்திரமதி நிலைப்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாய்யா. சாப் தூங்குறாரு. நாளைக்கு வா."